குடும்பத்தை முதன்மையாகக் கொள்ளும் அரசியல் இணையச் சமநிலையை ஏற்குமா?

வேலிக்கால் எழுதியது:

குடும்பத்தைச் சமூகத்தின் அடிப்படை அலகாகக் கொண்டு, வரி, கல்வி, ஊடகம் என்று எந்தத் துறையின் சட்டத்தையும் 'இது குடும்பத்தை வலுப்படுத்துமா, நலிவடையச் செய்யுமா' என்ற ஒரே கேள்வியால் அளந்து பார்க்கும் அரசியல் கொள்கை பல நாடுகளில் வேரூன்றியிருக்கிறது. (வாரிசு அரசியலைப் பற்றி நான் பேசவில்லை, இழை அந்தப் பக்கம் போய்விட வேண்டாம்.) 1948-ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனம் தன் 16-ஆவது பிரிவில், குடும்பம் சமூகத்தின் இயல்பான, அடிப்படையான அலகு என்றும், சமூகத்தாலும் அரசாலும் பாதுகாக்கப்படும் உரிமை அதற்கு உண்டு என்றும் கூறுகிறது. அயர்லாந்தின் 1937 அரசியலமைப்பு 41-ஆவது பிரிவில் குடும்பத்திற்குத் தனி இடம் தந்திருக்கிறது. குழந்தைகளைப் பேணி வளர்ப்பது பெற்றோரின் இயல்பான உரிமை, அவர்களுடைய முதற்கடமையும் அதுவே என்று ஜெர்மனியின் அடிப்படைச் சட்டம் 6-ஆவது பிரிவில் சொல்கிறது. ஆகவே இது ஏதோ ஓரத்தில் கிடக்கும் சிந்தனை அன்று.

இந்தக் கொள்கை உடையவர்கள் இணையச் சமநிலையை, அதாவது நெட் நியூட்ராலிட்டியை, எப்படிப் பார்க்க வேண்டும் என்பதே என் கேள்வி. இணைப்பைத் தரும் நிறுவனம் தன் கம்பி வழியே போகும் எதையும் தடுக்கக் கூடாது, வேண்டுமென்றே வேகத்தைக் குறைக்கக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு ஒருவருக்கு முன்னுரிமை தரக் கூடாது என்பதே அந்த விதியின் சாரம். எனக்குத் தோன்றுவதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பாடப் புத்தகத்தையும் ஆபாசப் படத்தையும் ஒரே வேகத்தில் கொண்டுவந்து வீட்டில் சேர்க்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் விதி, குழந்தைகள் இருக்கும் வீட்டிற்கு நட்பான விதியாக இருக்க முடியாது. நிறுவனத்தின் கைகளைக் கட்டிப்போட்டால், குடும்பத்திற்கு ஏற்ற இணையத்தை யார் தருவார்கள்?


நூலேணி எழுதியது:

கேள்வி நல்ல கேள்வி. ஆனால் அதற்குள் ஓர் அனுமானம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. இணைப்பு நிறுவனத்தின் கை கட்டப்பட்டால் பெற்றோரின் கையும் கட்டப்பட்டுவிடும் என்று நீங்கள் கொள்கிறீர்கள். இணையச் சமநிலைச் சட்டங்களின் வாசகத்தை எடுத்துப் படித்தால் நிலைமை அப்படி இல்லை.

இந்தக் கொள்கையை முதன்முதலில் சட்டமாக்கிய நாடு சிலி. 2010-இல் அங்கே நிறைவேறிய 20,453-ஆம் எண் சட்டம், சட்டத்திற்கு உட்பட்ட எந்த உள்ளடக்கத்தையும் நிறுவனங்கள் தன்னிச்சையாகத் தடுக்கவோ குறுக்கிடவோ கூடாது என்கிறது. அதே சட்டம், கேட்கும் பயனருக்கு அவருடைய செலவில் பெற்றோர் கட்டுப்பாட்டு வசதியை நிறுவனம் தர வேண்டும் என்றும், அது எப்படி இயங்குகிறது என்பதை அவருக்கு முன்கூட்டியே தெளிவாகச் சொல்லியாக வேண்டும் என்றும் கூறுகிறது. உலகின் முதல் இணையச் சமநிலைச் சட்டத்திலேயே பெற்றோருக்கு இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்போது, இரண்டும் எதிரெதிர் முனைகள் என்று தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

குடும்பத்தை மையமாகக் கொண்ட அரசியல் இங்கே கேட்க வேண்டியது, 'எந்த உள்ளடக்கம் வீட்டிற்குள் வரலாம்' என்பதை யார் தீர்மானிக்கிறார் என்பதையே. வீட்டில் இருப்பவர்களா, கம்பிக்குச் சொந்தக்காரரா? குழந்தையை வளர்க்கும் உரிமை பெற்றோருக்கே முதலில் உரியது என்று ஐம்பது ஆண்டுகளாக அரசாங்கங்களோடும் பள்ளிகளோடும் வாதாடிவந்த ஒரு கொள்கை, அதே உரிமையை ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வணிகப் பிரிவிடம் எப்படி ஒப்படைக்கலாம் என்பது எனக்கு விளங்கவில்லை.

இன்னொரு நிகழ்வையும் நினைவுபடுத்துகிறேன். 2007 அக்டோபரில் அமெரிக்காவின் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம், இணைப்பு நிறுவனமான காம்காஸ்ட், பயனர்கள் தங்களுக்குள் கோப்புகளைப் பகிர உதவும் பிட்டோரன்ட் வழியான பரிமாற்றத்தில் ரகசியமாகக் குறுக்கிடுகிறதா என்று சோதித்துப் பார்த்தது. அந்தச் சோதனைக்கு எடுத்துக்கொண்ட கோப்பு கிங் ஜேம்ஸ் பைபிள். பதிப்புரிமைச் சிக்கல் எதுவும் இல்லாத, பெரும்பாலான பெற்றோர் மறுப்புச் சொல்லாத ஒரு நூல், அதுவும் தடைப்பட்டது. இரண்டு கணினிகளும் தம் இணைப்பைத் தாமே துண்டித்துக்கொண்டன என்று தோன்றும்படி போலிச் செய்திகளை இடையில் செருகுவதுதான் காம்காஸ்ட் கையாண்ட முறை. கோப்பில் இருப்பது வேதமா வேறொன்றா என்று அந்தக் கருவி பார்க்கவில்லை. நிறுவனத்தின் கையில் இருக்கும் வடிகட்டி குடும்பத்தின் மதிப்பீடுகளால் இயங்குவதில்லை என்பதற்கு இதைவிட நேரடியான சான்று எனக்குத் தெரியாது.


மேல்மாடம் எழுதியது:

நூலேணி அவர்கள் காம்காஸ்ட் கதையைச் சொன்ன விதம் அழகாக இருக்கிறது. ஆயினும் நான் மறுக்கிறேன்.

குடும்ப மையக் கொள்கையின் வேர்களில் ஒன்று, கத்தோலிக்கச் சமூகப் போதனை வகுத்த ஒரு நெறி. சிறிய அமைப்பு தானே செய்யக்கூடிய வேலையைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது என்று 1931-இல் பதினோராம் பயஸ் போப்பாண்டவர் தம் சுற்றுமடலில் அதை விளக்கினார். அதற்கு முன்பே நெதர்லாந்தில் ஆபிரகாம் கைப்பர், குடும்பம், திருச்சபை, தொழில், அரசு ஆகியவை ஒவ்வொன்றும் தத்தம் எல்லைக்குள் தன்னாட்சி உடையவை என்று 1880-இல் பேசினார். இவ்விரண்டையும் ஒப்புக்கொள்பவர், நாடு முழுவதற்கும் ஒரே விதியை ஓர் ஒழுங்குமுறை ஆணையம் தலைநகரிலிருந்து எழுதி அனுப்புவதை வரவேற்பாரா? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். 2015-இல் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் இணைய இணைப்பைத் தொலைபேசி போன்ற பொதுச் சேவையாக வகைப்படுத்தி, அதன்மேல் இணையச் சமநிலை விதிகளை வைத்தது. 2017 டிசம்பரில் அதே மூன்றுக்கு இரண்டு என்ற வாக்கில் அது நீக்கப்பட்டது. 2024-இல் மீண்டும் கொண்டுவரப்பட்டது. 2025 ஜனவரியில் ஆறாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் செல்லாது என்றது. ஐந்து பேரின் வாக்கெடுப்பில் பத்தாண்டுகளுக்குள் மூன்று முறை புரளும் ஓர் ஏற்பாட்டை நம்பிக் குடும்பங்கள் எதைத் திட்டமிட முடியும்?

சந்தையை விட்டுவிடுங்கள் என்கிறேன். வடிகட்டிய இணையத்தை விற்க ஒரு நிறுவனம் முன்வந்தால், அதை வாங்க விரும்பும் குடும்பங்கள் வாங்கட்டும்.


நூலேணி எழுதியது:

நெதர்லாந்தை நீங்களே எடுத்துவைத்ததற்கு நன்றி, ஏனெனில் இந்த விவாதத்திற்கு அதைவிடப் பொருத்தமான நாடு இல்லை.

2011-இல் அங்கே கேபிஎன் என்ற பெரிய தொலைத்தொடர்பு நிறுவனம், வாட்ஸ்அப் போன்ற செயலிகளால் தன் குறுஞ்செய்தி வருமானம் சரிவதைக் கண்டு, அவற்றுக்குத் தனிக் கட்டணம் வாங்கத் திட்டமிட்டது. வாடிக்கையாளர்கள் எந்தச் செயலியைப் பயன்படுத்துகிறார்கள் என்பதை, இணைப்பில் போகும் தரவுப் பொதிகளைத் துழாவிப் பார்க்கும் கருவியால் தெரிந்துகொண்டதாகவும் வெளியே வந்தது. நாடாளுமன்றம் கொதித்தது, ஐரோப்பாவின் முதல் இணையச் சமநிலைச் சட்டம் உருவாகி 2013 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. அந்த விவாதத்தில் எஸ்ஜிபி என்ற சிறிய கால்வினியக் (சீர்திருத்தக் கிறிஸ்தவ) கட்சி ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. தம் நம்பிக்கையின் காரணமாகச் சந்தாதாரர் தாமே கேட்டுக்கொண்டால், அவருக்கு மட்டும் வடிகட்டிய இணையத்தைத் தருவதற்குச் சட்டம் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அதன் கருத்து.

அந்தக் கட்சியின் பல நிலைப்பாடுகள் எனக்கு உவப்பானவை அல்ல. ஆனால் இந்த ஒன்றில் அது கோட்டைக் கீறிய இடத்தைப் பாருங்கள். எல்லாருக்கும் வடிகட்டு என்று அது கேட்கவில்லை. நிறுவனத்தின் விருப்பப்படி வடிகட்டலாம் என்றும் கேட்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டால் அவருடைய வீட்டிற்கு மட்டும் என்றது. கைப்பரின் தன்னாட்சி எல்லைகளை இணையத்தில் வரைந்தால் இப்படித்தான் இருக்கும்.

சந்தையை விடுங்கள் என்கிறீர்கள். தேர்ந்தெடுக்கப் பலர் இருந்தால்தானே அது சந்தை? வீட்டுக்குள் வரும் கம்பி பல இடங்களில் ஒருவருடையது, மிஞ்சினால் இருவருடையது. சிறியதன் வேலையைப் பெரியது பறிக்கக் கூடாது என்ற நெறியில் 'பெரியது' என்பது அரசு மட்டும்தானா? 1931-இன் அந்தச் சுற்றுமடலே, சிலருடைய கையில் குவிந்துவிட்ட பொருளாதார ஆதிக்கத்தைக் கடுமையாகக் கண்டித்த ஆவணம் என்பதை நீங்கள் அறிவீர்கள்.


துறைமுகம் எழுதியது:

கட்டமைப்பில் பல ஆண்டுகள் வேலை செய்தவன் என்ற முறையில் ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறேன். மேலே நடக்கும் தத்துவச் சண்டையைத் தொழில்நுட்பம் பாதி முடித்துவைத்துவிட்டது.

இன்று பெரும்பாலான இணையதளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை, அதாவது இடையில் இருப்பவர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பப்படுபவை. இணைப்பு நிறுவனத்திற்குத் தெரிவது பொதுவாக நீங்கள் எந்தத் தளத்தின் பெயரை நாடினீர்கள் என்பது மட்டுமே. அந்தத் தளத்திற்குள் எந்தப் பக்கம், எந்தக் காணொளி என்பது தெரியாது. ஆகவே வலையமைப்பில் வைக்கப்படும் வடிகட்டி, ஒரு தளத்தை முழுவதுமாக மூடும் அல்லது முழுவதுமாகத் திறந்துவிடும். ஒரே காணொளித் தளத்தில் கணக்குப் பாடமும் இருக்கிறது, குழந்தைக்கு ஆகாததும் இருக்கிறது. அங்கே அந்த வடிகட்டி செயலற்றுப் போகிறது. இப்போது பெயரைத் தேடும் வினவலையும் மறையாக்கத்திற்குள் கொண்டுபோகும் முறை வந்துவிட்டது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் அதைக் கொண்டுவர முயன்றதற்காக 2019-இல் பிரிட்டனின் இணையச் சேவை நிறுவனங்களின் சங்கம், அந்த உலாவியை உருவாக்கும் மொசில்லாவை 'இணைய வில்லன்' விருதுக்குப் பரிந்துரைத்தது. பெற்றோர் கட்டுப்பாடுகளை அது தாண்டிச்செல்ல வழிசெய்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணங்களுள் ஒன்று. எதிர்ப்பு கிளம்பவே சில நாட்களில் பரிந்துரையைத் திரும்பப் பெற்றார்கள்.

இதிலிருந்து என் தொழில்முறைக் கருத்து: குழந்தைக்கான வடிகட்டியைச் சாதனத்திலும் வீட்டு ரவுட்டரிலும் வையுங்கள். அங்கே வைத்தால் இணையச் சமநிலை விதி அதைத் தொடுவதே இல்லை, ஏனெனில் அந்த விதி கட்டுப்படுத்துவது இணைப்பைத் தருபவரை. பயனர் தம் கருவியில் தாமே போட்டுக்கொள்ளும் மென்பொருளை அன்று.

மற்றொன்று. பொதிகளைத் துழாவும் கருவியைக் குழந்தைகளின் பாதுகாப்பிற்காக ஒரு நிறுவனம் வாங்கினால், அதே கருவியால் போட்டியாளரின் காணொளியை மெதுவாக்கவும் முடியும். கருவிக்கு நோக்கம் தெரியாது.


மேல்மாடம் எழுதியது:

துறைமுகம் ஐயா சொல்வது பொறியாளருக்குப் பொருந்தும். மூன்று குழந்தைகள், ஆறு கருவிகள், இரண்டு வேலைகள் என்று ஓடும் பெற்றோருக்குப் பொருந்தாது. ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக அமைப்பை மாற்று, ஒவ்வொரு புதுப்பிப்புக்குப் பிறகும் சரிபார் என்று சொல்வது, அதிகாரம் தருவதுபோலத் தந்துவிட்டுச் சுமையைத் தலையில் ஏற்றுவது. வலையமைப்பு மட்டத்தில் ஒரே இடத்தில் சொன்னால் வீடு முழுவதற்கும் பொருந்தும் வடிகட்டி அவர்களுக்கு வேண்டும். பிரிட்டன் அதைத்தான் செய்தது.


துறைமுகம் எழுதியது:

பிரிட்டன் செய்தது உண்மை. 2013-இல் பிரதமர் டேவிட் கேமரன் வற்புறுத்தியதன்பேரில் பிடி, ஸ்கை, டாக்டாக், விர்ஜின் ஆகிய நான்கு பெரிய நிறுவனங்களும், புதிதாகச் சேரும் வாடிக்கையாளர்கள் 'வடிகட்டி வேண்டுமா, வேண்டாமா' என்ற கேள்வியைத் தாண்டிப் போக முடியாதபடி செய்தன. 2014-இல் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வெளியிட்ட கணக்கின்படி, அவ்வாறு கேட்கப்பட்டவர்களில் வடிகட்டியை ஏற்றவர்கள் பிடியில் 5 விழுக்காடு, ஸ்கையில் 8 விழுக்காடு, விர்ஜினில் 4 விழுக்காடு, டாக்டாக்கில் 36 விழுக்காடு. பெற்றோர் ஏங்கிக் காத்திருந்த வசதி என்று இதைச் சொல்வது கடினம். குழந்தைகள் இல்லாத வீடுகளும் அந்தக் கணக்கில் அடங்கும் என்று நீங்கள் சொல்வீர்கள், அதை ஒப்புக்கொள்கிறேன்.

சட்டத்தின் பக்கம் இதைவிடச் சுவையானது. ஐரோப்பிய ஒன்றியம் 2015-இல் கொண்டுவந்து 2016 ஏப்ரல் 30 முதல் நடைமுறைப்படுத்திய இணையச் சமநிலை விதிமுறை, சட்டக் கட்டளை, வலையமைப்பின் பாதுகாப்பு, நெரிசல் என்ற மூன்று காரணங்களுக்காக மட்டுமே தடுப்பை அனுமதித்தது. பிரிட்டனின் குடும்ப வடிகட்டிகள் எந்தச் சட்டத்தையும் அடிப்படையாகக் கொள்ளாமல், பிரதமரும் நிறுவனங்களும் செய்துகொண்ட உடன்பாட்டில் நின்றவை. எனவே அவை சட்டவிரோதமாகிவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. உள்நாட்டுச் சட்டத்தால் அவற்றைக் காப்பேன் என்று கேமரன் நாடாளுமன்றத்தில் கூறினார். பிறகு டிஜிட்டல் பொருளாதாரச் சட்டம் 2017-இன் 104-ஆவது பிரிவு, சந்தாதாரரோடு செய்துகொண்ட ஒப்பந்த விதிகளின்படி வடிகட்டலாம் என்று எழுதிக் கதவைத் திறந்தது. மேல்மாடம் ஐயா, உங்கள் கவலை நியாயமானது என்பதற்கு இதையே சான்றாகக் கொள்ளலாம். கவனமின்றி எழுதப்பட்ட இணையச் சமநிலை விதி குடும்ப வடிகட்டியோடு மோதத்தான் செய்யும். சிலி முன்யோசனையோடு எழுதியது, ஐரோப்பா எழுதவில்லை.


எழுதுகோல் எழுதியது:

இவ்வளவு நேரமும் 'குடும்பம்' என்பதை ஒரே மனம் கொண்ட ஒருவரைப் போல நீங்கள் அனைவரும் பேசிவருகிறீர்கள். ஒரு வீட்டில் ஆறு வயதுக் குழந்தையும் பதினாறு வயதுப் பெண்ணும் இருப்பார்கள். அடிக்கும் கணவனும் உதவிக்கு எங்கே போவது என்று இரவில் தேடும் மனைவியும் சில வீடுகளில் இருப்பார்கள். அந்த வீட்டில் வடிகட்டியின் கடவுச்சொல் யாரிடம் இருக்கும்?

2013 டிசம்பரில் பிபிசி வெளியிட்ட செய்தியின்படி, டாக்டாக்கின் வடிகட்டி இளைஞர்களுக்கான பாலியல் கல்வித் தளமான பிஷ்யூகே-யை ஆபாசத் தளமாக எண்ணித் தடுத்தது. பாலியல் வன்முறைக்கு ஆளானோருக்கு உதவும் மையங்களின் தளங்களும் அப்போதைய வடிகட்டிகளில் சிக்கின. ஐ.நா.வின் 1989 குழந்தை உரிமை உடன்படிக்கை தன் 5-ஆவது பிரிவில் பெற்றோரின் வழிகாட்டும் உரிமையை மதிக்கச் சொல்கிறது. ஆனால் அந்த வழிகாட்டல் குழந்தையின் வளர்ந்துவரும் திறனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்றும் அதே பிரிவு கூறுகிறது. பலவகைப்பட்ட தகவல்களைப் பெறும் உரிமையைக் குழந்தைக்கு 17-ஆவது பிரிவு தருகிறது. பெற்றோர் உரிமை என்று முழங்குவோர் 5-ஆவது பிரிவின் முதற்பாதியை மட்டும் மனப்பாடம் செய்திருக்கிறார்கள்.


வேலிக்கால் எழுதியது:

எழுதுகோல் அவர்களின் கடைசி வாக்கியம் சற்றுக் காரமாக இருந்தாலும், கடவுச்சொல் பற்றிய கேள்வி கனமானது. என் தரப்பு விடையைச் சொல்கிறேன். குடும்பத்திற்குள் ஒருவர் மற்றவரை நசுக்கும்போது அரசு தலையிடலாம், தலையிடவும் வேண்டும். ஜெர்மனியின் 6-ஆவது பிரிவே, பெற்றோர் அக்கடமையை நிறைவேற்றுவதை அரசு சமூகம் கண்காணிக்கும் என்று அடுத்த வரியில் சொல்கிறது. ஆனால் எல்லா வீட்டையும் அந்த வீடாகக் கொண்டு விதி எழுதக் கூடாது. உதவி எண்களையும் அடைக்கலத் தளங்களையும் எந்த வடிகட்டியும் தடுக்கக் கூடாது என்று ஒரு குறைந்தபட்ச வரையறையை வைத்தால் போதும் என்று நினைக்கிறேன்.

வேறொன்றைக் கேட்க வேண்டும். 'குடும்பம் முதலில்' என்று பெயரிலேயே வைத்துக்கொண்ட கட்சி ஆஸ்திரேலியாவில் இருந்தது. அது என்ன செய்தது என்று விவரம் அறிந்தவர்கள் எழுதினால் நல்லது.


தென்திசை எழுதியது:

ஃபேமிலி ஃபர்ஸ்ட் தென் ஆஸ்திரேலியாவில் தோன்றிய கட்சி. அதன் ஸ்டீவ் ஃபீல்டிங் 2004 தேர்தலில் விக்டோரியாவிலிருந்து செனட்டிற்குத் தேர்வானார். இணைப்பு நிறுவனங்கள் அனைத்தும் நாடு முழுவதும் கட்டாயமாக வடிகட்ட வேண்டும் என்பது அக்கட்சியின் கோரிக்கை. 2007-இல் ஆட்சிக்கு வந்த தொழிற்கட்சி அரசின் அமைச்சர் ஸ்டீஃபன் கான்ராய் அதற்கு நெருக்கமான திட்டத்தை அறிவித்தார். கடும் எதிர்ப்பு, தள்ளிவைப்பு, மீண்டும் எதிர்ப்பு என்று இழுத்து, 2012 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. குழந்தைகள் மீதான பாலியல் கொடுமையைக் காட்டும் தளங்களின் இன்டர்போல் பட்டியலை மட்டும், 1997 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 313-ஆவது பிரிவைக் கொண்டு தடுப்பது என்று முடிந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, அந்தக் கட்சி கேட்டது பெற்றோருக்கான அதிகாரம் அன்று. பெற்றோரின் இடத்தில் அரசு அமர்வது. அதன் விளைவை அந்த 313-ஆவது பிரிவே பிறகு காட்டியது. 2013-இல் ஆஸ்திரேலியாவின் நிறுவனப் பங்கு ஒழுங்குமுறை அமைப்பு ஒரு மோசடித் தளத்தைத் தடுக்க ஐபி முகவரி ஒன்றைக் கொடுத்தது. அதே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்த 1,200-க்கும் மேற்பட்ட தளங்கள் இருண்டன. அவற்றில் ஒன்று, இலவச வகுப்புகள் நடத்தும் மெல்போர்ன் ஃப்ரீ யுனிவர்சிட்டியின் தளம். தங்கள் தளம் ஏன் திறக்கவில்லை என்பதைக் கண்டறிய அவர்கள் பெரும்பாடு படவேண்டியிருந்தது.

இந்தியாவில் 2015-இல் 857 ஆபாசத் தளங்களைத் தடுக்கச் சொன்ன ஆணையையும் இதோடு வைத்துப் பார்க்கலாம். எதிர்ப்புக்குப் பிறகு, குழந்தைகளைக் காட்டும் ஆபாசம் இல்லாத தளங்களைத் தடுக்காமல் விடலாம் என்று அரசு இணைப்பு நிறுவனங்களிடம் சொன்னது. எந்தத் தளத்தில் எது இருக்கிறது என்று சோதிக்கும் வேலை எங்களுடையது அன்று என்று நிறுவனங்கள் கையை விரித்தன. அரசு தீர்மானிக்கவில்லை, நிறுவனம் தீர்மானிக்க விரும்பவில்லை, பெற்றோரை யாரும் கேட்கவே இல்லை.


அரங்கம் எழுதியது:

எல்லாரும் ஆபாசத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். குடும்பம் ஓர் ஒழுக்க அலகு மட்டும்தானா? ஒரே இணைப்பை ஐந்தாறு பேர் பகிரும் பொருளாதார அலகும் அதுதான். பிள்ளைக்கு வகுப்பு, தாய்க்கு வேலை, தொலைவில் இருக்கும் மகனோடு பாட்டிக்குக் காணொளி அழைப்பு எல்லாம் ஒரே கம்பியில் நடக்கின்றன.

இணையச் சமநிலைக்கான தொடக்ககால வழக்குகளில் ஒன்று இப்படிப்பட்ட அழைப்பைப் பற்றியதே. 2005-இல் அமெரிக்காவில் மேடிசன் ரிவர் என்ற தொலைபேசி நிறுவனம், இணையம் வழியாகக் குறைந்த செலவில் பேச உதவும் வோனேஜ் சேவையைத் தன் வாடிக்கையாளர்கள் பயன்படுத்த முடியாமல் தடுத்தது. 15,000 டாலர் செலுத்தி, இனித் தடுப்பதில்லை என்று ஒப்புக்கொண்டது. பிரிந்து வாழும் உறவுகள் பேசிக்கொள்வதில் காசு பார்க்க நினைத்த நிறுவனத்தைத் தடுத்து நிறுத்திய விதியைக் குடும்பத்திற்கு எதிரானது என்று எப்படிச் சொல்வது?

குடும்பக் கொள்கையைக் கொடியாகப் பிடித்த அரசுகளும் இந்தக் கணக்கைப் பார்க்கத் தவறியிருக்கின்றன. 2014 அக்டோபரில் ஹங்கேரியில் விக்டர் ஓர்பானின் அரசு ஒரு கிகாபைட்டுக்கு 150 ஃபோரின்ட் வீதம் இணைய வரி போட முன்வந்தது. மாத உச்சவரம்பு வைப்பதாகப் பிறகு சமாதானம் சொன்னாலும், ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கியதும் திட்டம் கைவிடப்பட்டது. அதிகம் பேர் இருக்கும் வீடுதான் அதிகத் தரவைச் செலவழிக்கும் என்பது அந்த வரியை எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும்.


மேல்மாடம் எழுதியது:

தரவுச் செலவைப் பற்றிப் பேசினால் ஒன்றுக்கு விடை சொல்லுங்கள். கல்வித் தளங்களுக்கு மட்டும் தரவுக் கணக்கு வைக்காமல் இலவசமாகத் தரும் திட்டத்தை ஒரு நிறுவனம் கொண்டுவந்தால், அது வருமானம் குறைந்த குடும்பத்திற்கு நேரடி உதவி. ஆனால் இந்தியாவின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2016 பிப்ரவரி 8-ஆம் தேதியிட்ட விதிமுறையால், உள்ளடக்கத்திற்கு ஏற்பக் கட்டணம் மாறக் கூடாது என்று ஒரேயடியாகத் தடைசெய்தது. சில தளங்களை மட்டும் இலவசமாகத் தந்த ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் அதில் போயிற்று. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் 2020, 2021 தீர்ப்புகளில் இத்தகைய கட்டணத் திட்டங்களுக்கு எதிராகவே நின்றது. கொள்கை தூய்மையாக இருக்கிறது, பிள்ளையின் கையில்தான் தரவு இல்லை.


நூலேணி எழுதியது:

ஃப்ரீ பேசிக்ஸில் எது அடிப்படைத் தேவை என்று முடிவு செய்தது ஃபேஸ்புக். தன் பிள்ளைக்கு எந்தப் பாடத்தளம் வேண்டும் என்று அந்த வீட்டுத் தாய் சொல்ல அதில் வழியில்லை. அதே தொகையை எல்லாத் தளங்களுக்கும் பொதுவான தரவாகக் கொடுத்தால் குடும்பம் தனக்கு வேண்டியதைத் தேர்ந்துகொள்ளும். குடும்பங்களுக்குப் பொருளாகக் கொடுக்காதே, பணமாகக் கொடு, அவர்களுக்கே தெரியும் என்று குழந்தை உதவித்தொகை விவாதங்களில் உங்கள் தரப்புத்தானே வாதாடுகிறது? இங்கே மட்டும் ஏன் மாறிவிடுகிறீர்கள்?

மாறாதவர்களும் இருந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். பழமைவாதக் குடும்ப விழுமியங்களுக்காக நின்ற அமெரிக்கக் கிறிஸ்தவக் கூட்டணி, 2006 முதல் இணையச் சமநிலையை ஆதரித்துவந்தது. 2007 செப்டம்பரில், கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடும் நாரல் அமைப்பின் குறுஞ்செய்தித் திட்டத்தை வெரைசன் ஏற்க மறுத்து, செய்தி வெளியானதும் பின்வாங்கியது. அதற்கு அடுத்த மாதம் அந்தக் கூட்டணியின் தலைவரும் நாரலின் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டு வாஷிங்டன் போஸ்டில் கட்டுரை எழுதினார்கள். கருக்கலைப்பில் ஒரு சொல்கூட ஒத்துப்போகாத இரு தரப்பும், யார் பேசலாம் என்று தொலைபேசி நிறுவனம் முடிவு செய்யக் கூடாது என்பதில் ஒத்துப்போயின. இன்று நாரலைத் தடுத்த கை நாளை தங்களைத் தடுக்கும் என்று அந்தக் கூட்டணிக்குத் தெரிந்திருந்தது.


வேலிக்கால் எழுதியது:

அப்படியானால் ஒரு குடும்ப மையக் கட்சி தன் அறிக்கையில் இதைப் பற்றி எழுதினால், என்னென்ன இருக்க வேண்டும் என்று இதுவரை பேசியதிலிருந்து கேட்டுக்கொள்கிறேன். இணைப்பு நிறுவனம் தன் விருப்பத்திற்குத் தடுக்கவோ மெதுவாக்கவோ கூடாது. சந்தாதாரர் கேட்டால் வீடு முழுவதற்குமான வடிகட்டியைத் தந்தாக வேண்டும். உதவித் தளங்களை எதுவும் மறைக்கக் கூடாது. பட்டியலில் என்ன இருக்கிறது என்பது வெளிப்படையாக இருக்க வேண்டும். இதில் மேல்மாடம் ஐயாவுக்கு மறுப்பு உண்டா?


மேல்மாடம் எழுதியது:

இரண்டு உண்டு. வடிகட்டி கேட்டால் மட்டும் இயங்கும் என்பதை நான் ஏற்கவில்லை. வேண்டாம் என்று சொல்லும்வரை அது இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். நேரமில்லாத பெற்றோரின் பிள்ளையும் பிள்ளைதான். இரண்டாவது, சிலியின் சட்டம் வடிகட்டியின் செலவைக் கேட்பவர் தலையில் போடுகிறது. குழந்தைகளை வளர்ப்பது சமூகத்திற்கே செய்யும் பணி என்று நம்பும் கொள்கை, அந்தச் செலவைப் பெற்றோரிடம் மட்டும் வசூலிக்கும் ஏற்பாட்டில் கையெழுத்திடக் கூடாது.


நூலேணி எழுதியது:

செலவைப் பற்றி உங்களோடு முழுமையாக உடன்படுகிறேன். அதை எல்லாச் சந்தாதாரர்களின் கட்டணத்திலும் பகிர்ந்து போடலாம். பிள்ளை இல்லாதவர்கள் முணுமுணுப்பார்கள், பள்ளிக்கான வரியைப் பற்றியும் அவர்கள் முணுமுணுக்கத்தான் செய்கிறார்கள். முதலாவதில் உடன்பட முடியாது. கேட்காமலே இயங்கும் வடிகட்டியில் எதைச் சேர்ப்பது என்ற பட்டியலை எழுதுபவர் நிறுவனமாக இருப்பார், அல்லது அரசாக இருப்பார். எந்த வீட்டுக்காரரும் அந்த அறையில் இருக்கமாட்டார்.


எழுதுகோல் எழுதியது:

சேரும்போதே கேள்வியைக் கேட்டு, விடை சொல்லாமல் இணைப்பைத் திறக்க முடியாதபடி வைத்துவிட்டால், 'கேட்டால்', 'கேட்காமல்' என்ற இந்தச் சண்டையே எழாதே. பிரிட்டனில் 2013-இல் செய்தது அதைத்தானே?


துறைமுகம் எழுதியது:

அதைத்தான். விடையில் 'வேண்டும்' என்ற பெட்டியில் முன்கூட்டியே குறி இட்டுவைப்பதா, இரண்டு பெட்டிகளையும் வெறுமையாக விடுவதா என்பதில்தான் அங்கேயும் முட்டிக்கொண்டார்கள். மேல்மாடம் ஐயாவும் நூலேணியும் இப்போது நிற்பது அந்த ஒரு குறியின் இரு பக்கங்களில்.


மேல்மாடம் எழுதியது:

குறி இட்டே வையுங்கள்.


நூலேணி எழுதியது:

வெறுமையாக விடுங்கள். பட்டியலை மட்டும் வெளியிடச் சொல்லுங்கள். அதைப் படித்துவிட்டுக் குறி இடுவதற்குப் பெற்றோருக்குத் தெரியும்.